சத்தமில்லாத வார்டு

என் கணவர் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனவர் அப்படியே தட்டில் திரும்ப வைத்தார். "வாயத் தெறக்க முடியல" என்றார், பற்களைப் பிரிக்காமலே. உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டுச் சிரிப்பது போல இருந்தது. கல்யாணமாகித் தாராவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத எனக்கு, கேலி செய்கிறார் என்றே பட்டது. "சாப்பாட்டு முன்னால என்ன வெளையாட்டு?" என்றேன். அவர் கண்களில் மட்டும் சிரிப்பு இல்லை.

அவருக்குத் தகரப் பட்டறையில் வேலை. சில நாட்களுக்கு முன் ஒரு தகடு பாதத்தைக் கிழித்திருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினோம். புண் ஆறிவிட்டதால் இருவருமே அதை மறந்திருந்தோம்.

மறுநாள் கழுத்து விறைத்துவிட்டது. பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்காவின் கையிலிருந்து செம்பு நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்தில் அவர் உடம்பு ஒரே இழுப்பாக இழுத்தது. முதுகு பாயை விட்டு எழும்பியது. "ஏளா, காக்கா வலிப்புளா! கையில இரும்பக் குடு" என்று அக்கா சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் திணித்தாள். இழுப்பு விட்டதும் அவர் சாவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மராட்டி டாக்டர் இந்தியில் சொன்னதை, நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருத்தி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"காக்கா வலிப்புன்னா நெனவு போயிரும். இது ரண ஜன்னியாக்கும், டெட்டனஸ். புண்ணு வழியா வெஷம் நரம்புல ஏறியிருக்கு. நெனவு மட்டும் தெளிவா இருக்கும். ஒவ்வொரு இழுப்பும் அவருக்குத் தெரியும்."

வெளிச்சமோ சத்தமோ பட்டால் இழுக்கும் என்று அந்த வார்டின் ஜன்னல்களில் கறுப்புத் துணி தொங்கியது. கதவின் தாழ்ப்பாளில் துணி சுற்றியிருந்தது. நாளெல்லாம் சுத்தியல் சத்தத்தில் நின்றவர், ஒரு கரண்டி விழுந்தால் வில்லாக வளைந்தார். குதிகாலும் பின்தலையும் மட்டும் படுக்கையைத் தொடும். அந்த ஒல்லி உடம்புக்குள் இத்தனை பலம் எங்கே இருந்தது என்று திகைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருகே போனால் என் வளையல்கள் குலுங்கின. அவர் தாடை இறுகியது. நர்ஸ் என் கையைப் பார்த்தாள். வராந்தாவுக்குப் போய் வளையல்களைக் கழற்றினேன். மெட்டியையும் கழற்றினேன். தாலியைத் துணியால் சுற்றி ரவிக்கைக்குள் விட்டேன். அப்போது பார்த்து பக்கத்து வீட்டு அக்கா வந்தாள்.

"புருசன் உசுரோட இருக்கும்போது என்னளா காரியம் செய்யுத?"

"அவரு உசுரோட இருக்கணும்னுதான் செய்யுதேன்க்கா."

அவள் தன் வளையல்களையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே வந்தாள்.

ஒருநாள் டாக்டரிடம், எதனால் இப்படி வளைகிறார் என்று நர்ஸ் மூலம் கேட்டேன். டாக்டர் தன் கையை மடக்கிக் காட்டி ஏதோ சொன்னார்.

"நாம கைய மடக்கும்போது, நீட்டுத சதை விட்டுக்குடுக்குமாம்" என்றாள் நர்ஸ். "இந்த வெஷம் ஏறினா ஒண்ணுக்கொண்ணு விட்டுக்குடுக்காதாம். எல்லாம் ஒரே நேரத்துல இழுக்குமாம்."

வராந்தாவில் உட்கார்ந்து என் கையை மடக்கினேன், நீட்டினேன். மறுபடி மடக்கினேன். தண்ணீர்க் குடம் தூக்கும்போதும் கோலம் போடும்போதும் என்னைக் கேட்காமலே இந்த விட்டுக்கொடுப்பு நடந்துகொண்டிருந்திருக்கிறது. கோயிலில்கூட எனக்கு அப்படி மெய் சிலிர்த்ததில்லை.

வாரங்கள் போயின. இழுப்புகளின் இடைவெளி நீண்டது. அதுவரை ஆகாரம் போன மூக்குக் குழாயை எடுத்தார்கள். பற்களுக்கிடையே கரண்டி நுழையும் அளவுக்கு வழி கிடைத்ததும் கஞ்சி கொடுத்தேன். அவர் மெல்லப் பேசினார்.

"நீ காதோரம் மெல்லப் பேசினது எல்லாம் கேட்டுச்சு. பதில் சொல்லணும்னு நெனச்சாலே இழுத்துருமோன்னு பயம். நெனைக்காமலே கெடந்தேன்."

அத்தனை நாள் ஒரு மனிதர் நினைக்காமல் கிடந்திருக்கிறார். அவர் வாயைத் துடைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் தடி ஊன்றித்தான் நடந்தார். ஒரு மத்தியானம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் சாய்ந்திருந்தவர் கொட்டாவி விட்டார். கடைவாய்ப் பல் வரை தெரிய, கண்ணில் நீர் முட்ட, ஒரு முழுக் கொட்டாவி. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அது முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.