தலையணையோடு வருகிறவர்

ஆர்வோ ஸாலோ தரையில் மல்லாந்து படுத்து விரல் முட்டியால் மூன்று முறை தட்டினால், வீட்டுக்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அறையை விட்டுப் போய்விட வேண்டும். அதன் பிறகு யார் கூப்பிட்டாலும் அவர் பதில் சொல்ல மாட்டார். உள்ளே கும்மிருட்டில், தூங்கிக்கொண்டிருக்கும் மனிதனைப் போல மூச்சுவிட்டபடி கொஞ்ச நேரம் கிடப்பார். பிறகு திடீரென்று புரளும் சத்தம் கேட்கும். தவழும் சத்தம் கேட்கும். ஜன்னல் திறந்து அவர் தோட்டத்துப் பனியில் போய் விழுந்தால் அந்த அறையில் ஆள் தூங்கலாம் என்று அர்த்தம்.

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் காகித ஆலை ஊருக்கு, அந்த ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அவர்தான் கட்டட ஆய்வாளர். சுவரை இடிப்பது, மரத்தளம் போடுவது, விறகடுப்பு வைப்பது, எதுவானாலும் முதலில் அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். மற்ற வேலைகளைப் பார்க்க வரும்போது அவர் கையில் அளவு நாடாவும் டார்ச்சும் மட்டும் இருக்கும். படுக்கையறையைப் பார்க்க வரும்போதுதான் கக்கத்தில் தலையணை. பிளாஸ்டிக் உறை போட்ட, சப்பையான, மஞ்சளேறிய தலையணை. அதோடு அவர் தெருவில் நடந்தால் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு அவர் எந்த வீட்டுக்குள் நுழைகிறார் என்று பார்ப்பார்கள்.

ஆள் உயரம், ஒல்லி. கண்ணிமை மயிர் வெளுத்திருப்பதால் கண்களைச் சுற்றி ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். பக்கத்தில் நின்றால் தார் சோப்பு வாசனை வரும். உப்புப் போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டே பேசுவார். வீட்டுக்குள் வந்ததும் காலணிகளைக் கழற்றி, நுனி வாசலைப் பார்த்திருக்கும்படி வைப்பார். பிறகு எப்போதும் ஒரே கேள்விதான்.

"யாரு தூங்கப் போறா?"

"விருந்தாளிங்க யாராவது..." என்று இழுத்தால் விட மாட்டார். "விருந்தாளிக்கு ஒரு பேரு இருக்கும்ல? அவங்க பேரென்ன? காது கேக்குமா? ராத்திரி மாத்திரை போடுவாங்களா?"

பதில் கிடைத்ததும் அவர் அந்த ஆளாகிவிடுவார். குழந்தையின் அறை என்றால் கடைசிவரை முட்டி போட்டே நகர்வார். காது கேளாதவர் என்றால் பஞ்சு அடைத்துக்கொள்வார். தபால் அலுவலக எட்னா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, வயிற்றில் இன்னொரு தலையணையைக் கட்டிக்கொண்டு அவளுடைய அறையில் படுத்தார். எட்னாவின் கணவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். விளக்கை அணைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கதவுக்கு வெளியே நின்றிருந்தவனுக்கு உள்ளிருந்து வந்த மூச்சு தன் மனைவியுடையதைப் போலவே கேட்டதாம். "அன்னைக்கு ராத்திரி அவ பக்கத்துல படுக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு" என்று இன்றைக்கும் சொல்கிறான்.

வழியில் என்ன இருந்தாலும் தள்ளிக்கொண்டு போவது அவர் வழக்கம். பூச்சாடி, பொம்மை வண்டி, தையல் இயந்திரம், எதையும் பார்க்க மாட்டார். உடைந்தால் உடைந்ததுதான். "வீடு தீப்பிடிச்சு ஓடறவன் உன் பூச்சாடியப் பாத்துக்கிட்டா ஓடுவான்?" என்பார்.

என் அண்ணன் ஒரு வீட்டை வாங்கப் போனபோது நடந்தது இது. நிலவறையில் ஜன்னலே இல்லாத ஓர் அறை இருந்தது. விற்கிறவர் அதைச் சாமான் அறை என்று சத்தியம் செய்தார். யாரும் அங்கே படுத்ததே இல்லையாம். ஆர்வோ படுத்தார், தட்டினார். விளக்கு அணைந்த அடுத்த நொடி, "எல்லாரும் உள்ள வாங்க" என்று குரல் வந்தது. அவர் அப்படிக் கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். போய்ப் பார்த்தால் கூரை முழுக்கப் பச்சையாக ஒளிவிடும் நட்சத்திரங்கள். விளக்கு வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் மினுங்கும் ஒட்டுத்தாள்கள். தலையணைக்கு நேர் மேலே அவை நெருக்கமாக இருந்தன. சுவரோரம், ஒரு குழந்தை படுத்தபடியே கை நீட்டினால் எட்டும் உயரத்தில், இன்னும் நாலைந்து.  ஆர்வோ தரையில் கிடந்தபடி, "இந்தப் புள்ள எங்க இப்போ?" என்று கேட்டார். விற்கிறவர் விளக்கைப் போட்டுவிட்டுப் படியேறிப் போனார். அண்ணன் அந்த வீட்டை வாங்கவில்லை.

பனிக்காலத்தில் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. அதை யாரும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. நிலவறை ஜன்னல்களுக்கு வெளியே தகரம் பதித்த குழிகள் இருக்கும். ஆபத்து வந்தால் அவற்றின் வழியாகத்தான் ஏறித் தப்பிக்க வேண்டும். பனி கொட்டினால் அவை மூடிப்போகும். காலையில் அவர் ஊர் முழுக்க நடந்து, அந்தக் குழிகளிலிருந்து பனியைக் காலால் தள்ளிவிட்டு, குனிந்து உள்ளே பார்ப்பார். கீழே படுத்திருப்பவர்கள் கண் விழித்தால், வெள்ளையாக இருந்த கண்ணாடியில் ஓர் ஓட்டை விழுந்து அதில் இமையில்லாத மாதிரி இரண்டு கண்கள் தெரியும். நானும் பார்த்திருக்கிறேன். எத்தனையோ நாடுகளில் எப்படியெப்படியோ இடங்களில் தூங்கி எழுந்துவிட்டு இந்தக் குளிர்காலத்தில்தான் வீடு திரும்பியிருந்தேன். வந்த மூன்றாம் நாள் காலையில் என்னை எழுப்பியது அந்த முகம்தான்.

"ஊர்சுத்தி, வந்துட்டியா?" என்றது கண்ணாடிக்கு அப்பாலிருந்து. "கட்டில ஜன்னல் பக்கம் இழுத்துப் போடு."

அவருடைய சொந்தக் கட்டில் முன்வாசல் கதவையொட்டிக் கிடக்கிறது. கதவில் கண்ணாடி பதித்திருப்பதால், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அந்தப் பக்கமாகப் போகிறவர்கள் அவர் நெஞ்சில் கை வைத்துத் தூங்குவதைப் பார்க்கலாம். பார்த்தவர்கள் நடையை வேகப்படுத்துவார்கள். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "நீ ஏன் ஊர் சுத்துற?" என்று கேட்டுவிட்டு ஒரு மிட்டாயை நீட்டினார். 

எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெஃபாவிடம் அவர் தலையணையோடு வந்தது டிசம்பரில். ஸ்டெஃபாவின் தம்பி போஹ்தானுக்குப் பக்கவாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. தடியை ஊன்றி மெல்ல நடப்பான். தூங்குவதற்கு முறையான அறை இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் அவனை அக்காவோடு அனுப்புவார்கள். இல்லாவிட்டால் பேருந்தில் அரைநாள் தூரத்தில் இருக்கும் காப்பகம்தான். ஸ்டெஃபாவின் வீட்டில் இருப்பது ஒரே ஒரு படுக்கையறை. அதில் அவள் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே தடிகூட நுழையாது. அதனால் நிலவறையில் புதிதாக ஓர் அறை கட்டினாள். நானும் பலகை பிடித்தேன், வண்ணம் அடித்தேன். நிலவறைப் படியின் இருபுறமும் கைப்பிடி, புது ஜன்னல், வெளியே தகரக் குழி, எல்லாம் விதிப்படி. ஆய்வு நடந்த வாரக்கடைசிக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் விடுப்பு வாங்கிப் போஹ்தானையும் அழைத்து வந்திருந்தார்கள்.

வீட்டில் இன்னோர் அறையும் இருந்தது. சமையலறையை ஒட்டிய சாப்பாட்டு அறை. ஸ்டெஃபாவைப் போன்ற உக்ரைன்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில் செத்தவர்களுக்காக ஒரு தட்டு வைப்பார்கள்; விருந்து முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். கணவர் மைரன் இறந்த வருடம் வைத்த தட்டை ஸ்டெஃபா எடுக்கவே இல்லை. தட்டு, கரண்டி, கோப்பை. ஒருவர் வந்து உட்காரத் தோதாக, மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலி. வாரத்துக்கு ஒருமுறை, யாரும் சாப்பிடாத தட்டைக் கழுவித் துடைத்து மறுபடி அங்கேயே வைப்பாள். அந்த அறையை நாங்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கடப்போம்.

ஆர்வோ பொழுது சாய்ந்த பிறகு வந்தார். கீழே போய் ஜன்னலை அளந்தார். உயரம், அகலம், குழியின் ஆழம்.

"எல்லாம் சரியா இருக்கா?" என்றாள் ஸ்டெஃபா.

"இருக்கு. யாரு தூங்கப் போறா?"

"தெரியாத மாதிரி கேளு! இவன்தான்."

"ஆமாடா, நான்தான்" என்றான் போஹ்தான். "ஆலையில முப்பது வருஷம் என் பக்கத்துலயே நின்னு வேலை பாத்துட்டு ஆளத் தெரியலையாம்."

ஆர்வோ அவனை மேலும் கீழும் பார்த்தார். தன் இடுப்பு வாரைக் கழற்றி, இடது கையை உடம்போடு சேர்த்துக் கட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். "இன்னும் இறுக்கு, ஊர்சுத்தி. அவன் கை அசையுதா? அசையாதுல்ல?" பிறகு தலையணையைப் போட்டுப் படுத்தார். மூன்று முறை தட்டினார்.

நாங்கள் மூவரும் தோட்டத்துக்கு வந்து ஜன்னல் குழிக்குப் பக்கத்தில் பனியில் நின்றோம். குழி கறுப்பாக இருந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை.

"யோவ் ஆர்வோ, நெஜமாவே தூங்கிட்டியா?" என்றான் போஹ்தான். "அக்கா, இவனுக்கும் சேத்து சூப் வை."

ஜன்னல் திறக்கும் சத்தம். தகரத்தில் ஏதோ உரசியது. குழியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. கை மட்டும். விரல்கள் விளிம்பைத் தடவி, பனியைப் பற்றின. பனி உதிர்ந்தது. கை கீழே சரிந்து மறுபடி வந்தது. தகரத்தைப் பிடித்தது. உள்ளே கால்கள் வழுக்குவது கேட்டது. மறுபடி சரிந்தது. மறுபடி வந்தபோது அது எதையும் பிடிக்கவில்லை. உள்ளங்கை மேலே தெரிய, பனியில் அப்படியே கிடந்தது. அதன்மேல் பனித்துகள் விழுந்துகொண்டிருந்தது.

"ஆர்வோ, போதும் வா" என்றாள் ஸ்டெஃபா. "ஆர்வோ! அடேய்!"

கை அசையவில்லை. போஹ்தான் தடியை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் தன் வலது கையை உயர்த்திப் பார்த்தான். பிறகு அதைக் கோட்டுப்பைக்குள் விட்டுக்கொண்டான். 

கொஞ்சம் கழித்துக் கை உள்ளே போனது. ஜன்னல் மூடிக்கொண்டது.

நாங்கள் உள்ளே திரும்பியதும் ஆர்வோ நிலவறைப் படியேறிச் சமையலறைக்கு வந்தார். முழங்கையில் ரத்தம். அனுமதி அட்டையை மேசையில் வைத்து வலது கையால் கையெழுத்துப் போட்டு, ஸ்டெஃபாவிடம் நீட்டினார்.

"ஜன்னல் அளவெல்லாம் சரி. விதிப்படி நான் மறுக்க முடியாது. இந்தா."

"அப்போ இவன் இங்கேயே இருக்கலாம்?"

"இருக்கலாம். படிப்பக்கம் தீப்பிடிச்சா இவனால ஜன்னல் வழியா வெளிய வர முடியாது."

"குழிக்குள்ள ஒரு ஏணி வெச்சா?" என்றான் போஹ்தான்.

"ஏணி ரெண்டு கை உள்ளவனுக்குடா."

ஸ்டெஃபாவுக்குக் கோபம் வந்தது. "பின்ன என்னதான் பண்ணச் சொல்ற? வேற எங்க படுப்பான்? என் தலை மேலயா?"

ஆர்வோ தலையணையை எடுத்துக்கொண்டு, கட்டிய கையோடு, சாப்பாட்டு அறைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தார்.

"அங்க போகாத" என்றாள் ஸ்டெஃபா. "வீடு பூரா பாத்துக்கோ. அது மைரனோட எடம்."

அவர் உள்ளே போனார். மேசைக்கும் சுவருக்கும் நடுவே படுத்தார். அந்தச் சுவரின் கோடியில், தாழ்வாரத்தைப் பார்த்த அகலமான ஜன்னல், முழங்கால் உயரத்தில். அவருக்கும் ஜன்னலுக்கும் இடையில் அந்த நாற்காலி மட்டும்தான் இருந்தது.

மூன்று முறை தட்டினார்.

ஸ்டெஃபா ஒரு கையில் அட்டையோடு விளக்குப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றாள். அசையவில்லை. அவர் மறுபடி தட்டினார்.

"அக்கா" என்றான் போஹ்தான், மெதுவாக. "நான் காப்பகத்துக்கே போறேன். பரவால்ல."

ஸ்டெஃபா விளக்கை அணைத்தாள். கதவைச் சாத்தவில்லை, நாங்களும் வெளியே போகவில்லை. இருட்டில் முதலில் தூங்குகிறவனின் மூச்சு கேட்டது. அதில் போஹ்தானுடைய இழுப்பு இருந்தது. பக்கத்தில் நின்றிருந்த போஹ்தான் மூச்சை அடக்கிக்கொண்டான். பிறகு புரளும் சத்தம், ஒரு கையால் தவழும் சத்தம். நாற்காலி சுவரில் மோதி விழப்போகும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அதற்குப் பக்கத்தில் வந்ததும் தவழ்வது நின்றுவிட்டது. மூச்சும் நின்றுவிட்டது.

"தள்ளு, ஆர்வோ" என்றாள் ஸ்டெஃபா இருட்டில். "தள்ளிட்டுப் போ."

 பிறகு, தரையில் உராயும் சத்தம்கூட எழாதபடி ஒரு பக்கமாகத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்ட ஒருவரை எழுப்பாமல் நகர்த்துவது போல, அவர் அந்த நாற்காலியைச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார்.