எல்லையில் பிட்ட புளிக்காத ரொட்டி

சபையில் எழுந்து சாட்சி சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது நாங்கள் அங்கேதான் இருந்தோம். நான், என் கணவர் செல்வராஜ், மூன்று வயது மகள் ஜெபா. ஊர் போய்ச் சேர வேண்டுமானால் பாக்தாத் வழியாக ஜோர்தான் எல்லைக்குப் போயாக வேண்டும். சாயங்காலம் பஸ் வரும் என்றார்கள். வழிச்சாப்பாட்டுக்கு ரொட்டி சுட ஈஸ்டைக் கரைத்து வைத்தேன். மதியமே வாசலில் ஹாரன் சத்தம்! ஈஸ்டைக் கொட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் மாவைப் பிசைந்து, அவசரமாகச் சுட்டு, துணியில் கட்டிக்கொண்டு ஓடினேன். கடித்தால் பல் உடையும், அப்படி ஒரு ரொட்டி.

எல்லையில் கூடாரத்தில் தங்கவைத்தார்கள். தண்ணீர் லாரி வந்தால் அடிதடி. ஜெபாவுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். பெற்ற பிள்ளையைப் பாலைவனத்தில் புதைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போகப்போகிறேனோ என்று அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வளைகுடாவில் அதுதானே நமக்கு ஆராதனை நாள். எங்கள் கூடாரத்தில் இன்னும் இரண்டு விசுவாசக் குடும்பங்கள் இருந்தன. என் கணவர் அவர்களைக் கூப்பிட்டு, இயேசுவின் நினைவாகப் பிட்டுப் பகிரும் திருவிருந்துக்காக, மிச்சமிருந்த ஒரே ரொட்டியை நடுவில் வைத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“பிள்ள தண்ணியில்லாமக் கெடக்கு. இப்பப் போயா திருவிருந்து?”

“ஏட்டி, இஸ்ரவேலர் எகிப்த விட்டுக் கெளம்புனப்ப மாவு புளிக்க நேரமில்லாமச் சுட்ட ரொட்டியும் இப்படித்தான். வருஷா வருஷம் பஸ்காவுல அதை நெனச்சுச் சாப்பிட்டாங்க. இயேசு சீஷங்களோட உக்காந்ததும் அந்தப் பந்திதான். நமக்கு வந்த திருவிருந்தே ஓடி வந்தவங்க சாப்பாடு. இங்க எடுக்காம வேற எங்க எடுக்க?”

அவர் ரொட்டியைப் பிட்டு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். எத்தனை வருடமாகத் திருவிருந்து எடுத்திருக்கிறேன்! யூதர்களின் பழைய கதை வேறு, நம் விசுவாசம் வேறு என்றுதான் நினைத்திருந்தேன். அன்று என் கையிலிருந்த துண்டு ரொட்டியில் இரண்டும் ஒன்றாக இருந்தன. “அந்த ஜனத்தைக் கூட்டிட்டு வந்த ஆண்டவரே, என் பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க” என்று வாய்விட்டு அழுதேன். பிறகு எல்லோரும் பாடினோம்.

பாடி முடிப்பதற்குள் ஒருவர் கூடாரத் துணியை விலக்கி எட்டிப் பார்த்தார்.

“தமிழ்ப் பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. நான் கீழக்கரை, குவைத்துல கடை வச்சிருந்தேன். புள்ளைக்கு என்னம்மா?”

அந்த முஸ்லிம் பாயின் வண்டியில் தண்ணீர்க் கேன் இருந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்து அவரே கொடுத்தார். எங்களை ஏற்றிக்கொண்டு டாக்டர் இருந்த கூடாரத்துக்கு வண்டியை விரட்டினார். அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் காலை ஜெபா கண் திறந்து, “பசிக்குதும்மா” என்றாள். என்னிடம் ரொட்டி இல்லை. பாய்தான் பிஸ்கட் கொடுத்தார். நான் சொன்னபடி பந்தியை நிறுத்தியிருந்தால் அந்தப் பாட்டும் இல்லை, அந்தப் பாயும் இல்லை.

அது நடந்து ஏழு வருடமாகிறது. இப்போது ஷார்ஜாவில், ரோலா பகுதியில் இருக்கிறோம். ஜெபா பள்ளிக்கூடம் போகிறாள். தமிழில் கூப்பிட்டால் இங்கிலீஷில் வாயடிக்கிறாள். சபைத் திருவிருந்துக்கு ரொட்டி சுடுவது என் பொறுப்பு. ஈஸ்ட் போடுவதில்லை. மோசே ஜனங்களைக் கூட்டி வந்த கதையை வாசிக்கும்போது, எங்கள் வீட்டுக் கதையை வாசிப்பதாகவே இருக்கிறது.

நெருக்கடியில் இருப்பவர்களே, கையில் ஒரே ஒரு ரொட்டிதான் மிச்சம் என்றாலும் அதை ஆண்டவருக்கு முன்னால் வைத்துப் பாடுங்கள். கூடாரத்துக்கு வெளியே கேட்கும்படி பாடுங்கள்.