நான் இறக்கிய மீன்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்.இ.டி. விளக்கின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நான் கடைகளுக்கு விளம்பரப் பலகை செய்கிறவன். நியானும் செய்திருக்கிறேன், எல்.இ.டி.யும் செய்கிறேன். நியான் என்பது கண்ணாடிக் குழாய். அதை நெருப்பில் காட்டி, இளகும்போது வளைத்து, உள்ளே வாயுவை அடைத்து, ஆளையே தூக்கி அடிக்கிற மின்சாரத்தைக் கொடுத்தால்தான் எரியும். ஏணியில் கால் தவறினால் குழாயும் போச்சு, கையும் போச்சு. எல்.இ.டி. பட்டை ரப்பர் மாதிரி வளைகிறது. கத்தரிக்கோலால் வெட்டலாம், கீழே போட்டாலும் உடையாது, கரண்டுச் செலவும் குறைவு. என் உள்ளங்கைத் தழும்புகளுக்கு ஓட்டுரிமை இருந்தால் எல்.இ.டி.க்குத்தான் போடும். கண்ணாடி போச்சே என்று மாரடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடக் கண்ணாடி வளைத்தவர் இல்லை.

என் கோபமெல்லாம் என் கூட்டாளி மேல்.

நாங்கள் இரண்டு பேரும் மலேசியாவின் கெடா மாநிலத்தில், கரங்கான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பந்து, ஒரே வாத்தியாரிடம் அடி. சுங்கை பட்டாணியில் சேர்ந்து கடை போட்டபோது வேலையைப் பிரித்துக்கொண்டோம். மஜ்லிஸ் அவன், ஏணி நான். மஜ்லிஸ் என்றால் நகராட்சி. இங்கே எந்தக் கடைக்குப் பலகை மாட்டினாலும் அவர்கள் பெர்மிட் கொடுக்க வேண்டும். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கணும், மலாய் எங்கே வரணும் என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அவனுக்கு மலாய் தேன் மாதிரி வரும். அதிகாரிகளோடு உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டே காரியத்தை முடித்துவிட்டு வருவான். நான் இத்தனை வருஷத்தில் ஒரு மஜ்லிஸ் படியையும் மிதித்ததில்லை. அவன் வந்து சொல்வதுதான் எனக்குச் சட்டம்.

எங்கள் கடைக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. நியானைப் பொறுத்தவரை, போட்டவன்தான் இறக்கவேண்டும். எந்த ஆணி துருப்பிடித்திருக்கிறது, எந்தக் கம்பியில் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் போட்டவனுக்குத்தான் தெரியும். கெடாவில் எங்கள் கடை மாட்டிய நியான் எல்லாமே நான் போட்டவை. அதனால் ஒன்று இறங்க வேண்டுமென்றால் நான்தான் ஏறவேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அவன் வெளியே போய்விட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"மச்சான், கண்ணாடி நியானுக்குத் தடை போட்டுட்டாங்கடா. கெடா முழுக்க. எல்லா மஜ்லிஸுக்கும் வந்துருச்சாம். நெருப்புப் புடிக்குதாம். இறக்கலன்னா கடைக்காரனுக்கு அபராதம் வரும்லா."

"எப்பலேருந்துடா?"

"இப்பலேருந்தே. நம்ம பழைய ஆளுங்களுக்கு நீயே போய்ச் சொல்லிரு. பாவம், மாட்டிக்கப் போறாங்க."

எவ்வளவு அக்கறை பாருங்கள். அந்தப் 'பாவம்' என்ற வார்த்தையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த நாட்களில் பினாங்கிலிருந்து பட்டை கொண்டுவரும் வியாபாரி நம்மை ஏமாற்றிவிடுவானோ என்று ஒவ்வொரு சுருளையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதைதான்.

கிளம்பினேன். கரங்கானில் முடிவெட்டும் கடை அண்ணனிடம் சொன்னேன். பண்டார் பாருவில் துணிக்கடை அக்காவிடம் சொன்னேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம், போய்ச் சொன்னவன் நான். துணிக்கடை அக்கா, "நல்ல வேளை தம்பி, நீ வந்து சொன்ன, இல்லன்னா எங்களுக்கு யாரு சொல்லுவா?" என்று கோப்பி கலக்கிக் கொடுத்தார். நான் குழாய்களை இறக்கினேன், எல்.இ.டி. மாட்டினேன். இறக்கிய கண்ணாடியை, "நான் பாத்துத் தூக்கிப் போட்டுர்றேன்" என்று கூட்டாளி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டான்.

கடைசியாகக் கோலா கெடாவுக்குப் போனேன். அங்கே லங்காவித் தீவுப் படகு வந்து நிற்கும் துறைக்கு எதிரே நானாவின் சாப்பாட்டுக் கடை. அவர் தமிழ் முஸ்லிம். அந்த ஊரில் எல்லாருக்கும் அவர் நானாதான். கடை நெற்றியில் ஒரு சிவப்பு மீன். நான் போட்டது. வாலில் தொடங்கி, வயிறு, வாய், முதுகு என்று ஒரே குழாயில் வளைத்து வந்தேன். வாயிலிருந்து கண்ணுக்குக் குழாய் போகிற வழி எரியும்போது தெரியக் கூடாது என்று அந்தத் துண்டுக்கு மட்டும் கறுப்புச் சாயம் பூசியிருந்தேன். கண்ணை வளைக்கும்போது கொஞ்சம் அமுங்கிவிட்டது. பாதிக் கண் மூடினது மாதிரி ஆகிவிட்டது. மாற்றித் தருகிறேன் என்றதற்கு நானா கையை ஆட்டிவிட்டார். "விடுங்க தம்பி, சாப்புட்டுத் தூங்குற மீனு. நம்ம கடைக்கு நல்ல விளம்பரம்" என்றார். படகில் வந்து இறங்குகிறவர்கள், தூங்குற மீன் கடை என்றே கேட்டு வருவார்கள்.

தடையைச் சொன்னதும் நானா கல்லாவிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். மீனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மஜ்லிஸ் சொல்லுதா தம்பி, இல்ல நீங்க சொல்றீங்களா?"

"மஜ்லிஸ்தான் நானா. நான் போய் உங்ககிட்ட சும்மா சொல்வனா?"

"நாளைக்கு வந்து இறக்கிக்குங்க" என்றார். மறுநாள் போனேன். அவர் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. மீன் போகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். ஏணி போட்டு ஏறி, நானே வளைத்த மீனை நானே மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். அந்த இடத்தில் எல்.இ.டி. மீன் ஏறியது. கண் திறந்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பட்டை முன்பக்கம் மட்டும்தான் வெளிச்சம் கொடுக்கும். துறையிலிருந்து பக்கவாட்டில் நடந்து வருகிறவர்களுக்கு அது வெறும் கோடாகத்தான் தெரிந்தது. கடல் காற்றில் ஆறு மாதத்திலேயே வால் அணைந்தது. பிறகு துடுப்பு. அடிக்கடி போய்ச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

அப்படிப் போகும்போதெல்லாம் நானா என்னை மற்றவர்களைவிட ஒரு படி மேலாகத் தாங்கினார். "வீட்டுல எல்லாம் சொகமா? பிள்ளைங்க படிப்பு நடக்குதா?" என்று தணிந்த குரலில் விசாரிப்பார். கிளம்பும்போது மீன் குழம்பும் சோறும் பொட்டலம் கட்டிக் கையில் திணிப்பார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். நானாவுக்கு நம் மேல் எவ்வளவு பிரியம் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டே சாப்பிட்டேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனுக்குக் குழம்பும் ருசியாகத்தான் இருக்கும்.

போன வருஷம் கூலிமில் ஒரு கிளினிக்குக்குப் பலகை அளவெடுக்கப் போனேன். பக்கத்து வரிசையில் புதிதாக ஒரு கோப்பிக் கடை. வேனை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால், வாசலுக்கு மேலே என் மீன்.

பகல் நேரம், மீன் எரியவில்லை. எரியாதபோதுதான் நியானை நன்றாகப் படிக்க முடியும். வாயிலிருந்து கண்ணுக்குப் போகும் கறுப்பு வழி, அதில் என் தூரிகை இரண்டு இடத்தில் வழிந்த தடம், அமுங்கிய கண். பெற்ற பிள்ளையைச் சந்தையில் பார்த்த மாதிரி நின்றேன். கடைக்காரப் பெண் வெளியே வந்தாள். நம் தமிழ்ப் பிள்ளைதான், இருபத்தைந்து வயதிருக்கும்.

"அழகா இருக்குல்ல அங்கிள்? ஒரிஜினல் கண்ணாடி. இப்ப இதைத்தான் எல்லாரும் தேடறாங்க."

"எங்கம்மா வாங்குனீங்க?"

அவள் என் வேனைப் பார்த்தாள். "அட, உங்க வேன்ல பேர் போட்டிருக்கே, அதே கடைதான்! அந்த அங்கிள் ரொம்ப நல்லவரு. பெர்மிட் கூட அவரே மஜ்லிஸ்ல எடுத்துக் குடுத்துட்டாரு."

"கண்ணாடி நியானுக்கா பெர்மிட் குடுத்தாங்க?"

"ஏன் அங்கிள், குடுக்க மாட்டாங்களா?"

பலகை ஓரத்தில் பெர்மிட் எண் ஒட்டியிருந்தது. கிளினிக்கில் அளவெடுக்காமலேயே வண்டியைத் திருப்பினேன்.

கடைக்கு வந்தபோது அவன் ஒரு கைப்பேசிக் கடைப் பலகைக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"கூலிம்ல மீனைப் பாத்தேன்."

"எந்த மீனு?"

"தூங்குற மீனு."

பற்றவைக்கும் கோலை மெதுவாகக் கீழே வைத்தான். "சரி, பாத்துட்டல்ல. உக்காரு."

"தடையே கெடையாதாடா?"

"கெடையாது. அதுக்கென்ன இப்ப? நீ வளைச்ச கண்ணாடி இருவது வருசம் ஆனாலும் எரிஞ்சுகிட்டே கெடக்குது. அது அணையாம நமக்கு ஏதுடா வேலை? எல்.இ.டி. போட்டா திரும்பத் திரும்பக் கூப்புடுறாங்க. கடை ஓடுதா இல்லியா? நீயுந்தானே சாப்புடுற?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. தோட்டத்தில் பந்து விளையாடும்போது சிரித்த அதே சிரிப்பு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஒங்கிட்ட சொன்னா வேலை கெட்டுரும் மச்சான். ஒனக்குப் பொய் வராது, மூஞ்சி காட்டிக் குடுத்துரும். நீ நெசம்னு நெனச்சு சொன்னதாலதான் அவங்க நம்புனாங்க. நான் போய்ச் சொல்லியிருந்தா ஒருத்தன் நம்பியிருப்பானா?"

அடித்திருப்பேன். ஏன் அடிக்கவில்லை என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. காசை ஏமாற்றியிருந்தால் காசோடு போயிருக்கும். இவன் என் முகத்தை எடுத்துக் கருவியாகப் பயன்படுத்தியிருக்கிறான், என்னிடம் கேட்காமல். கூட இருந்தே குழி பறித்தான் என்பார்கள். இவன் மண்வெட்டியை என் கையில் கொடுத்துப் பறிக்கவிட்டான். சாவியை மேசையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் நான் கால் வைக்கவில்லை.

இனி எனக்கிருந்தது ஒன்றுதான், என் பேச்சு. கோலா கெடாவில் அது மிச்சமிருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். மறுநாளே நானாவிடம் போனேன். மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. எதிரே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். தடை இல்லை, கூட்டாளி சொன்ன பொய், மீன் கூலிமில் தொங்குகிறது, நான் தெரியாமல் வந்து சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

நானா மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"தடை இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும் தம்பி. மஜ்லிஸ்ல இருக்குறவரு ஒருத்தர் தெனம் காலைல நம்ம கடையிலதான் பசியாறுவாரு. நீங்க சொல்லிட்டுப் போன மறுநாள் காலைல கேட்டேன். அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாதுன்னுட்டாரு."

"தெரிஞ்சுமா நானா இறக்க விட்டீங்க?"

"என்ன செய்ய? எத்தனை வருசமா பாக்குறேன், நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. அப்படிப்பட்ட ஆளே வந்து பொய் சொல்றாருன்னா வீட்டுல என்ன கஷ்டமோன்னு நெனச்சேன். ஒரு மீனு போனாப் போவுது. ஒரு மனுசனுக்கு வேலை கெடைக்கட்டும்."

அந்த மீன் குழம்பு, தணிந்த குரல், பிள்ளைகள் படிப்பு எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. இரண்டு வருஷமாக அவர் ஒரு பொய்யனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைப் பிரியம் என்று தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

"நானா, நான் பொய் சொல்லல. எனக்கு நெசமாவே தெரியாது."

"சரி தம்பி, சரி. விடுங்க."

"சத்தியமா நானா."

"அல்லா அறிவான் தம்பி. அதான் இப்ப மனசு கேக்காம நீங்களே வந்து சொல்லிட்டீங்களே. அது போதும்."

அவர் நம்பவில்லை. செய்ததை ஒத்துக்கொள்ளக் கூச்சப்பட்டு, கூட்டாளி மேல் பழியைப் போடுகிறேன் என்று நினைத்துவிட்டார். அதற்கும் சேர்த்து மன்னித்துவிட்டார். மேலே பேசப்பேச என் குரல் எனக்கே பொய்க்காரன் குரலாகக் கேட்டது, நிறுத்திக்கொண்டேன்.

எழுந்தபோது வழக்கம்போல் உள்ளே போய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். "வேலைய விட்டுட்டேன்னு சொன்னீங்களே. இனிமே கஷ்டம்னா நேராவே கேளுங்க தம்பி" என்று என் கையைப் பிடித்து அதில் வைத்தார். வாங்காவிட்டால் அவர் மனம் நோகும். வாங்கினால் அவர் நினைத்ததெல்லாம் உண்மை என்று ஆகும்.

வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.