சப்பாத்துக் கால் பட்ட நிலா

செவ்வாயில் ஊரும் ஆளில்லா வண்டியைப் பேத்தி கைப்பேசியில் காட்டினாள். சக்கரங்களை எண்ணினேன்; ஆறு. நிலவுப் பக்கமும் மறுபடி ஆட்களை அனுப்புகிறார்களாம், நான்கு பேர்.

"நாலு பேரும் திரும்பி வந்துடுவாங்களா?" என்றேன்.

"தாத்தா, உங்களுக்கு எதுலயும் சந்தேகம்தான்லா."

என் சந்தேகத்துக்கு வயது அதிகம். மனிதன் முதன்முதலாக நிலவில் இறங்கியபோது எனக்குப் பத்து வயது. மலேசியாவில், செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். செய்தியைக் கொண்டுவந்தவர் தோட்டத்து லோரி ஓட்டும் தாய்மாமா. செர்காம் கடற்கரையில் தான் பிடித்த மீன் லோரியில் கொள்ளவில்லை என்று சொன்னவர் அவர். ஆகவே எண்ணிக்கையை வைத்துக் குடைந்தேன்.

"மூணு பேர் போயி ரெண்டு பேர்தான் நடந்தாங்களா? இன்னொருத்தரு?"

"அவன் இறங்கலடா. மேலயே சுத்திக்கிட்டு இருந்தான்."

அவ்வளவு தூரம் போய்விட்டு ஒருவன் இறங்காமல் இருப்பானா? பொய் என்று அப்போதே பாதி முடிவு கட்டிவிட்டேன்.

அம்மாவின் கவலை வேறு. மாதந்தோறும் சங்கடஹர சதுர்த்திக்கு விரதமிருந்து, நிலவைப் பார்த்த பிறகே சாப்பிடுவார். அவரும் மாமாவும் இங்கே பிறந்தவர்கள். குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை. இந்தியாவில் பிறந்த அப்பாவுக்குச் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. கிடைக்காதவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் லயத்திலேயே மூன்று வீடுகள் பூட்டிக் கிடந்தன. அம்மாவின் விரதம் அப்பாவின் பெர்மிட்டுக்காக.

அந்தச் சதுர்த்தியன்று பால்மரங்களுக்கு மேலே நிலவு வந்தது. அம்மா கும்பிடாமல் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலுல சப்பாத்தோடயா நடந்தாங்க?"

"சப்பாத்தோடதான்க்கா. கொடியும் நட்டுட்டானுங்க. இனிமே பிள்ளையாரே அவனுங்கள கேட்டுத்தான் அந்தப் பக்கம் போவணும்."

மாமா சிரித்தார். வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"அவங்ககிட்ட யாரும் பெர்மிட் கேக்கலையா, தம்பி?"

எதற்கும் பதில் வைத்திருப்பவர் மாமா. இதற்கு அப்பாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அம்மா உள்ளே போய் அப்பாவுக்குச் சோறு போட்டார். தான் சாப்பிடவில்லை.

மாமா வசமாக மாட்டிக்கொண்டார் என்று எனக்கு ஒரே குஷி. நிலவுக்கு யாரும் போகவில்லை, எங்கள் அம்மா ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார் என்று மறுநாள் பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். அப்பா மட்டும் கப்பலேறிப் போன பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.