மலைக்குப் போகாத கார்

காப்பீட்டுச் சான்றிதழில் வேதாசலத்தின் பெயருக்கு எதிரே 'உரிமையாளர்-ஓட்டுநர்' என்று அச்சாகியிருக்கிறது. உரிமையாளர் என்பது சரி. மகன் கார்த்திக் ஒரகடத்துக் கம்பெனியில் வேலை நிரந்தரமானதும் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி அப்பா பெயரில் பதிந்துவைத்தான். ஓட்டுநர் என்பதுதான் இடிக்கிறது. வேதாசலம் டிராக்டர்கூட ஓட்டியதில்லை. சைக்கிளில் போகும்போது எதிரே லாரி வந்தால் இறங்கி நின்றுகொள்கிற ஆள். உத்திரமேரூரை ஒட்டிய கிராமத்தில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் அந்தக் கார் நிற்கும். காலையில் அதன்மேல் கிடக்கும் சருகையும் காக்கை எச்சத்தையும் துடைப்பார். அத்தோடு ஓட்டுநரின் வேலை முடிந்தது.

கார் வாங்கியதே திருப்பதிக்குப் போகத்தான். கல்லூரியில் படிக்கும்போது கார்த்திக்குக்குக் காய்ச்சல் வந்து, பிழைப்பானா என்று ஆனபோது, அவன் அம்மா பவளம் தன் தலைமுடியைத் தருவதாகப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டான். பெருமாள் தன் பக்கத்து வேலையை முடித்துவிட்டார். முடிக்க வேண்டியது இவர்கள்.

பஸ்ஸில் போயிருக்கலாம். கார் வருவதற்கு முன், கார் வந்ததும் சௌகரியமாகப் போகலாம் என்றார் வேதாசலம். கார் வந்த பிறகு, வாசலில் காரை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் ஊர் என்ன பேசும் என்றார். இரண்டுமே நியாயம்தான்.

பிறகு பங்காளிகள் சாகத் தொடங்கினார்கள். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷம் மலைக்கோயில் ஏறக்கூடாது என்பது அவர்கள் வகையறாவின் வழக்கம். உயிரோடிருந்தபோது ஒரு வாய்க்காலைத் தூர்வாரக்கூடச் சேர்ந்து வராத அந்த மனிதர்கள், சாவதில் மட்டும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு வருஷாந்திரம் முடியும் நேரத்தில் அடுத்தவர் படுத்துவிடுவார். தூரத்துப் பங்காளிக்குப் பதினாறு நாள் தீட்டு போதும் என்று கோயில் ஐயரே சொன்னார். வேதாசலம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள முடியாத இடத்தில் தன்னைத் தானே நிறுத்தி வைத்திருந்தார்.

பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் அவருடைய பங்காளித் தம்பி கோபால், வெகு காலத்துக்கு முன், இப்படி ஒரு சாவு விழுந்த வருஷத்திலேயே திருத்தணி மலை ஏறிவிட்டு வந்தான். அந்தக் கோடையில் அவனுடைய போர்வெல் வற்றியது. அந்தக் கோடையில் பெருநகரில் பாதிப் போர்வெல் வற்றியது என்பது வேறு விஷயம். கோபாலின் போர்வெல் ஏன் வற்றியது என்று கல்யாண வீடு, காரிய வீடு என்று பார்க்காமல் எடுத்துச் சொன்னவர் வேதாசலம். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. சாமி கும்பிடுவதில் அவருக்குப் பெரிய பிடிப்பு கிடையாது. கோயிலுக்குள் போனால் மின்விசிறிக்குக் கீழே இடம் தேடுவார். ஆனால் இந்த ஒரு விதியில் அவர் நழுவினால், அதைப் பார்க்கக் கோபால் இருந்தான்.

போன வருஷக் கடைசியில் பவளத்தின் மார்பில் கட்டி என்று தெரிந்தது. செங்கல்பட்டு டாக்டர் உடனே மருந்து ஏற்ற வேண்டும் என்றார். முடி கொட்டும், பிறகு முளைத்துவிடும் என்றும் தைரியம் சொன்னார். பவளம் அந்தத் தைரியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"பெருமாளுக்குன்னு சொன்ன முடி. ஆஸ்பத்திரியில கொட்டி, அவங்க பெருக்கித் தள்ளவா? குடுத்துட்டு வரேன், அப்பறம் இன்னா வேணா ஏத்துங்க."

டாக்டர் கோபித்துக்கொண்டார். கார்த்திக் அழுதான். வேதாசலத்துக்கு அவள் சொன்னது சரி என்று பட்டது. அதிர்ஷ்டவசமாக அந்தத் தை மாதத்தோடு எல்லாத் தீட்டும் கழிந்தது. மாசியில் தரிசன டிக்கெட்டும் கிடைத்தது. சந்தேகம் ஒன்றே ஒன்று: கோபாலின் அம்மா ஆதிலட்சுமி படுக்கையில் கிடந்தாள். பேச்சில்லாத அந்த வீட்டுக்கு வேதாசலம் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் வாங்கிக்கொண்டு போனார். பெரியம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, சாப்பாடு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று நர்ஸைப் போல விசாரித்தார். கிழவிக்குக் கண்தான் மங்கல்.

"திருப்பதிக்கு டிக்கெட்டு போட்டுக்கினியா, நைனா?" என்றாள். "பவளத்த இட்டுக்கினு போ. நீ வர வரைக்கும் நான் எங்கியும் போவல."

கோபால் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

காரைக் கிளப்பப் போனால், உள்ளே எலி ஒயரைத் தின்றிருந்தது. உத்திரமேரூர் மெக்கானிக் கேசவன் வந்து ஒயரை மாற்றினான். தண்ணீர் போகும் ரப்பர் குழாயும் பழசு, மாற்றிவிடலாம் என்றான். திருப்பதி போய் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்றார் வேதாசலம். இத்தனை வருஷம் நின்ற இடத்திலேயே நின்ற காருக்கு என்ன தேய்மானம் என்பது அவர் கணக்கு.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டார்கள். கார்த்திக் ஓட்டினான். பவளம் தலைக்குக் குளித்து, ஈர முடியைப் பின்சீட்டில் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் பழையசீவரம் மலையடிவாரம் வரை கார் போனது. அங்கே அந்த ரப்பர் குழாய் வெடித்து, முன்பக்கம் பூராவும் ஆவியாகக் கிளம்பியது.

கேசவனுக்குப் போன் போட்டார்கள். புதுக் குழாயோடு பைக்கில் வருவதாகச் சொன்னான். மாட்டுவது சின்ன வேலை. மத்தியானத்துக்குள் திருத்தணியைத் தாண்டிவிடலாம் என்றான். பவளம் ஜன்னல் வழியாக மேலே இருக்கும் கோயிலைப் பார்த்தாள். இதுவும் பெருமாள்தானே, மெதுவாக ஏறி இங்கேயே கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். சொன்ன இடத்தில்தான் கொடுக்க வேண்டும் என்றார் வேதாசலம். கார்தான் சரியாகிவிடுமே என்றும் சேர்த்துக்கொண்டார்.

அப்போது அவர் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். "எப்போ?" என்று மட்டும் கேட்டார். கார்த்திக் டீக்கடைப் பக்கம் தண்ணீருக்குப் போயிருந்தான். பக்கத்தில் பவளத்தைத் தவிர யாருமில்லை.

"கோபால். பெரிம்மா பூட்டாங்களாம்."

பவளம் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "போன எடுக்கலன்னு வச்சிக்கோங்க."

"எடுத்துட்டனே."

"வழியில டவர் இல்ல. வந்தப்பறம்தான் தெரிஞ்சிது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"அவன் 'எங்க கீறண்ணே'ன்னு கேட்டான். பழையசீவரம்னு சொல்லிட்டேன்."

பவளம் முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டாள்.

தண்ணீரோடு வந்த கார்த்திக் விஷயம் கேட்டுக் கத்தினான். ஐயர் சொன்ன பதினாறு நாளைச் சொன்னான், டாக்டர் சொன்னதைச் சொன்னான், அம்மா உயிரா பங்காளியா என்றும் கேட்டுவிட்டான். அன்று மாலை பெருநகரில், ஆதிலட்சுமியின் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் வேதாசலமும் ஒருவர்.

அடுத்த வாரம் பவளம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். காத்திருந்த மாதங்களில் கட்டி சும்மா இருக்கவில்லை. மருந்து ஏற ஏற முடி கொட்டியது. தலையணையில் விழுந்ததை ஒன்றுவிடாமல் பொறுக்கி மஞ்சள் துணியில் முடிந்துவைத்தாள். ஆனியில் இறந்தாள். எடுத்துப்போட முதலில் வந்து நின்றவன் கோபால். அவன் முகத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. போர்வெல்லைப் பற்றி அன்றும் அவன் பேசவில்லை.

மஞ்சள் முடிச்சு இப்போது காரின் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. வீட்டிலேயே சாவு விழுந்திருப்பதால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வருஷம் யாரும் மலை ஏற முடியாது. கார்த்திக் ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். எலி மறுபடி வந்துவிட்டது.

சான்றிதழ் சொல்கிற வேலையை வேதாசலம் ஒரே ஒரு தரம் செய்திருக்கிறார். அது அந்தக் காலையில்தான். தீட்டு வந்த பிறகு வண்டி மலையைப் பார்த்து நிற்கக் கூடாது என்றார். கேசவன் குழாயோடு வந்து சேர்வதற்குள், மகனையும் டீக்கடைக்காரரையும் பின்னால் தள்ளச் சொல்லி, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். பவளம் பின்சீட்டில் இருக்க, காரை உத்திரமேரூர் பக்கம் திருப்பி நிறுத்தினார்.