வாளி இருக்கா, மாப்ள?

முனியசாமி இறந்த செய்தி எங்கள் பண்ணையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் அதற்குக் கட்டைவிரல் காட்டினேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. சூப்பர்வைசர் ஆன நாளிலிருந்து என் உத்தியோகத்தில் பாதி அந்தக் கட்டைவிரல்தான். தீவனம் வந்தாச்சு, கட்டைவிரல். மோட்டார் ரிப்பேர், கட்டைவிரல். ஷிப்டு மாறியாச்சு, கட்டைவிரல். சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் பழக்க தோஷத்தில் போட்டுவிட்டு, பிறகுதான் படித்தேன். "புது யூனிட் முனியசாமி அண்ணன் நெஞ்சுவலியில தவறிட்டாங்க." பதறிப்போய் அதை எடுத்துவிட்டுக் கும்பிடும் கையைப் போட்டேன். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சூப்பர்வைசரை யார் கேட்பார்கள்?

ஊரில் கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் போனில் இதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்த மாமாவைப் பத்தி ஏதாவது எழுதி அதே குரூப்ல போடுங்கப்பா" என்றாள். ப்ளஸ் டூவில் தமிழில் தட்டுத்தடுமாறித் தேறியவன் நான். இறந்தவரை 'அவர்' என்று எழுதவேண்டும் என்பதும் அவள் சொல்லிக்கொடுத்ததுதான். எழுதிப் பார்த்தேன், வேறு யாரோ செத்ததுபோல இருந்தது. அவன் என்றே எழுதுகிறேன். உங்களில் பலர் அவனோடு ஒரே அறையில் இருந்தவர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள்.

அவனுக்கு முதுகுளத்தூர் பக்கம், எனக்கு அருப்புக்கோட்டை பக்கம். ஒரே விமானத்தில் இந்த அரபு நாட்டுக்கு வந்து இறங்கினோம். ஒரே வண்டியில் அல் ஐன் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, மணலுக்கு நடுவில் இந்தப் பால்பண்ணையைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "புல்லே இல்லாத ஊர்ல மாடு மேய்க்க வந்திருக்கோம் மாப்ள. இனிமே நாமதான் மேயணும்." நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். ஒரே அடுக்குக் கட்டிலில் அவன் கீழே, நான் மேலே. மாட்டுக் கொட்டகையில் விசிறி சுற்றும், தண்ணீர்ச் சாரல் அடிக்கும். எங்கள் அறை ஏசியோ அடிக்கடி நின்றுபோகும். "அடுத்த பிறவியில இந்தப் பண்ணையிலயே பிறக்கணும், ஆனா நாலு காலோட" என்பான்.

வாளி விஷயம் புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. கறந்து முடித்ததும் மாட்டின் காம்புக்குப் போடும் மருந்து வெள்ளை வாளியில் வரும். காலியான வாளிகளைக் கழுவி, அறை வாசலில் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம். ஆளுக்கு ஒரு வாளி. அடுத்தவன் வாளியில் உட்கார்ந்தால் சண்டை வரும். டியூட்டி முடிந்து அந்த வட்டத்தில் உட்கார்ந்தால்தான் நமக்கு ஊர், உறவு, கோர்ட்டு, கச்சேரி எல்லாம்.

என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். இங்கிலீஷில் நாலு வார்த்தை தெரியும், மேனேஜர் பேசும்போது தலையை நன்றாக ஆட்டுவேன், வேறு தகுதி கிடையாது. தனி அறையும், கை வைத்த நாற்காலி ஒன்றும் கொடுத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்குப் போனேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். முனியசாமி மட்டும் எழவில்லை. "நாற்காலியை உள்ள வச்சிட்டு வா மாப்ள. உன் வாளி அங்கதான் கிடக்கு" என்றான். நான் வாளியில் உட்காரவில்லை. நாற்காலியிலும் உட்காரவில்லை. வேலை இருப்பதுபோல் போனைப் பார்த்துக்கொண்டே திரும்பிவிட்டேன். அப்புறம் அந்தப் பக்கம் போவதே நின்றது. என் வாளியில் மட்டும் அவன் யாரையும் உட்காரவிடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஒருநாள் மேனேஜர் கொட்டகைக்குள் வந்த நேரம் பார்த்து, இவன் கன்றுக்குட்டித் தடுப்பில் சாய்ந்து நின்றிருந்தான். வெயில் அப்படி. நான் பாய்ந்து போய் "ஜல்தி கரோ! க்யா தேக்தா ஹை?" என்று கத்தினேன். சீக்கிரம் வேலையைப் பார், என்ன வேடிக்கை என்று அர்த்தம். முதுகுளத்தூர்க்காரனிடம் அருப்புக்கோட்டைக்காரன் இந்தியில் கத்துகிறான். "அச்சா சார்" என்றான் அவன். சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"மாப்ள சார், உங்க இந்தி ரொம்ப மோசம்."

"மச்சான், அது... மேனேஜர் நின்னாரு..."

"தெரியும்பா. திட்டு, வேணாங்கல. தமிழ்ல திட்டு. நம்ம ஆளு திட்டுறான்னாவது இருக்கும்."

பாலைவனத்துக்குள் இன்னும் ஒரு மணி நேரம் போகிற தூரத்தில் புது யூனிட் திறந்தபோது, இங்கிருந்து ஒரு ஆளை அனுப்பச் சொன்னார்கள். யாரை என்பதை என்னிடம் விட்டார்கள். அங்கே தமிழ் ஆள் ஒருவர்கூடக் கிடையாது என்று எனக்குத் தெரியும். வேறு யாரை அனுப்பினாலும் 'தன் ஆளை வைத்துக்கொண்டான்' என்று பேசுவீர்களோ என்று பயந்தேன். முனியசாமி பெயரைச் சொன்னேன். "சார் நேர்மையான மனுஷன், சொந்த ஆளுன்னு பார்க்கல" என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. அன்றைக்கு ஒரு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பெட்டியைப் பிக்கப்பில் ஏற்றிவிட்டு, தன் வாளியை என் கையில் கொடுத்தான். "எவனையும் உக்கார விடாத. திரும்பி வந்து கேப்பேன்" என்றான். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அங்கிருந்து போன் பண்ணுவான். கூட இருப்பவர்கள் நல்லவர்கள், ரொட்டி கொடுக்கிறார்கள், பாய் பாய் என்கிறார்கள். ஆனால் பேச ஆளில்லை. "மாட்டுக்கிட்டதான் தமிழ் பேசுறேன். ஒரு மாட்டுக்கு உன் பேரு வச்சிருக்கேன் மாப்ள. கூப்பிட்டா வரவே மாட்டேங்குது" என்பான். சிரிப்பான். நானும் சிரிப்பேன். கம்பெனி வண்டி என் கையில்தான் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமைகூடப் போகவில்லை. ஒவ்வொரு முறையும் போனை வைக்குமுன் கேட்பான்: "வாளி இருக்கா?" இருக்கு என்பேன். இருந்தது. என் அறையில் ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்தில், நிமிர்த்தி வைத்திருந்தேன்.

போன மாதம் நம் கொட்டகையில் ஒருவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனார். இடம் காலியானது. அதற்கு முனியசாமியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் மேனேஜர் சரி என்றிருப்பார். உடனே கேட்டால் நன்றாக இருக்காது, கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தேன். அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"நம்ம ஷெட்ல ஆள் குறையுதாமே?"

"ஆமா மச்சான். பார்க்கலாம்."

"சரி சரி. உனக்குச் சங்கடம்னா வேணாம்." பிறகு வழக்கம்போலக் கேட்டான்: "வாளி இருக்கா?"

"இருக்கு."

அதுதான் கடைசி.

உடலை ஊருக்கு அனுப்பிய அன்று சாயங்காலம் வட்டத்தில் நடுவே போனில் அவன் படத்தை வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, வாழைப்பழம் வைத்தீர்கள். நான் வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவி எடுத்து வந்து, அவன் வழக்கமாக உட்காரும் இடத்தில் கவிழ்த்து வைத்தேன். யாரோ ஓடிப்போய் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டீர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதில்தான் உட்கார்ந்தேன்.

"சார், நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றீர்கள். எழுந்து, "முனியசாமி நேரம் தவறாத தொழிலாளி. லீவு அதிகம் எடுக்காதவர். அவர் இழப்பு நம் பண்ணைக்குப் பேரிழப்பு" என்றேன். வேலைக்குச் சான்றிதழ் கொடுத்த மாதிரி இருந்தது. நீங்களும் மரியாதைக்குத் தலையாட்டினீர்கள்.

அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த வாளி ஒன்றுதான். அதைத் திரும்ப அறைக்கு எடுத்து வந்து, இப்போது கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஏசித் தண்ணீர் தரையில் சொட்டுகிறது, சொட்டட்டும். அன்றைக்குப் பேசும்போது சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்னு உங்களுக்குக் காட்டுறதுக்காக, எனக்குன்னு இருந்த ஒருத்தனை அனுப்பிட்டேன்.