தடுப்பணைக்கு அந்தப் பக்கம்

அக்காவை ஆந்திராவில் கட்டிக் கொடுத்தபோது அது வேறு மாநிலம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பாலாற்றை ஒட்டியே மேலே போனால் அவள் ஊர். அங்கேயும் பாதிப் பேர் தமிழ்தான் பேசுவார்கள். அப்பா வாரம் தவறாமல் சைக்கிளில் இளநீர்க் குலையைக் கட்டிக்கொண்டு போய் வருவார்.

அப்புறம் எல்லையில் இருந்த தடுப்பணையை ஆந்திராக்காரர்கள் உயர்த்திக் கட்டினார்கள். எங்கள் பக்கத்து விவசாயிகள் தண்ணீர் கேட்டுத் திரண்டு போனார்கள். அப்பாவும் போனார். எதிரில் அந்த ஊர்க்காரர்கள் கம்போடு நின்றார்கள். அக்கா வீட்டுக்காரரும் அவர்களோடு நின்றார்.

"மாமா, எங்களுக்கும்தான் வயலு காயுது. நீங்க வூட்டுக்குப் போங்க," என்றார், அத்தனை பேர் முன்னால்.

அப்பா திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. போனில் பேரனை மட்டும் விசாரிப்பார். அடுத்தடுத்த கோடைகளில் எங்கள் கிணறு வற்றியது. தென்னைகள் மட்டை தொங்கி, ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போனேன். அப்பா காய்ந்த ஆற்று மணலில் நடந்துகொண்டே இருப்பார்.

"இன்னாப்பா தேடுற?" என்றால், "சும்மாதான்" என்பார்.

ஒருநாள் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார்.

"மாமா இங்க எங்க வூட்ல இருக்காரு. நீ கெளம்பி வாம்மா."

குரலிலேயே புரிந்துவிட்டது. தடுப்பணைக்கு அந்தப் பக்கம், தேங்கிய தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தபடியே அப்பா இறந்திருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். நான் போனபோது அக்கா வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வேட்டியின் ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா வீட்டுக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

"காலைலயே பாத்தேன். முதுகு மட்டும் தெரிஞ்சுது. மாமாதான்னு தெரியும். கிட்ட போய்ப் பேசலாம்னு நெனச்சேன். எப்டி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம வேற வழியா போய்ட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா அப்டியே உக்காந்துனு இருக்காரு." பிறகு, "காலைல நான் பாத்தப்ப உசுரு இருந்திருக்குமா?" என்று கேட்டார்.

அந்த மாதமே அவர் ஆற்றங்கரையில் இருந்த மோட்டாரைக் கழற்றிவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். அந்தக் கரைப் பக்கம் அவர் போவதே இல்லை என்று அக்கா சொல்கிறாள். பையனையும் விடுவதில்லையாம்.

போன மழைக்குத் தடுப்பணை வழிந்து எங்கள் ஊருக்கு ஆறு வந்தது. ஜனங்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுக் குழந்தைகளோடு இறங்கினார்கள். என்னால் இறங்க முடியவில்லை. கரையில் நின்றிருந்தபோது அக்கா வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார்.

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு மாமா."

"ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான்."

வெகுநேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.